‘கோதிக் 3’ விளையாடத் தொடங்குவோருக்கு: பழுதும் அழகும் ஒரே இடத்தில்

பரந்த உலகில் விருப்பம்போல் சுற்றி ஒரு பாத்திரத்தை வளர்த்து ஆடும் ‘கோதிக் 3’ என்ற ஓப்பன் வேர்ல்ட் ரோல் பிளேயிங் கணினி விளையாட்டு 2006 அக்டோபரில் ஐரோப்பாவில் வெளியானது. வெளிவருமுன் அதன் மேல் இருந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பெரியதோ, வெளிவந்த சில வாரங்களில் அதைச் சூழ்ந்த ஏமாற்றமும் அவ்வளவு பெரியது. ஆனாலும் அது மறக்கப்படவில்லை. அதைத் திட்டியவர்களே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள், அப்படித் திருத்தப்பட்ட வடிவம்தான் இன்று வாங்குபவருக்குக் கிடைக்கிறது. அதைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எந்தக் குறையைத் திருத்தலாம், எதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

என் கணிப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் கெட்டதும் நல்லதும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. ஒரு முழு நாட்டையும் தடுப்பே இல்லாமல் திறந்துவிட வேண்டும், எந்த ஊருக்கு எப்போது போனாலும் அது விளையாடுபவரின் விருப்பம் என்று உருவாக்கியவர்கள் எடுத்த முடிவுதான் அது. சண்டையையும் நினைவகச் சிக்கலையும் பின்னால் வந்த பேட்ச்கள் (பிழை திருத்தும் மென்பொருள்கள்) பெரும்பாலும் சரி செய்துவிட்டன. கதையில் விழுந்த பள்ளத்தை எந்தப் பேட்சாலும் நிரப்ப முடியவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குபவருக்கு மனக்கசப்பு குறையும்.

என்ன நடந்தது என்ற சுருக்கம்

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தைச் சேர்ந்த பிரானா பைட்ஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல் ‘கோதிக்’ விளையாட்டையும் 2002இல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. இரண்டிலும் உலகம் சிறியது, ஆனால் நெருக்கமாகப் பின்னப்பட்டது. கதை அத்தியாயம் அத்தியாயமாக நகரும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் தெரிந்த காட்டில் புதிய விலங்குகள் வரும், பழகிய மனிதர்களின் பேச்சு மாறும். மூன்றாம் பாகத்தில் இந்த அத்தியாய முறையைக் கைவிட்டு, நடுவில் பச்சையான மிர்டானா, வடக்கில் பனி மூடிய நார்ட்மார், தெற்கில் பாலைவனமான வரான்ட் என மூன்று நிலங்களை, இடையில் லோடிங் திரையே வராதபடி ஒரே பரப்பாக இணைத்தார்கள். அதற்கென்று ஜீனோம் என்ற புதிய என்ஜினையும் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) உருவாக்கினார்கள். ‘ஆப்லிவியன்’ என்ற மற்றொரு ஓப்பன் வேர்ல்ட் விளையாட்டு வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற அதே ஆண்டு அது; பரந்த உலகம் என்ற போட்டியில் இறங்காமல் இருப்பது அன்று எளிதாக இருந்திருக்காது.

விளையாட்டு முழுமை பெறும் முன்பே கடைக்கு வந்துவிட்டது. தொடங்கினால் நெடுநேரம் லோடிங் ஆகும். நடந்துகொண்டே இருக்கும்போது படம் விட்டுவிட்டு நிற்கும். பிறகு ‘குரு மெடிடேஷன்’ என்ற பிழைச் செய்தியோடு மொத்தமும் மூடிக்கொள்ளும். பழைய அமிகா கணினிகளின் பிழைச் செய்தியிலிருந்து கேலியாக எடுத்தாளப்பட்ட பெயர் அது. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்தக் கேலி ரசிக்கவில்லை என்பதில் வியப்பு ஏதும் இல்லை.

2007இல் பிரானா பைட்ஸும் ஆஸ்திரிய வெளியீட்டு நிறுவனமான ஜோவூடும் பிரிந்தன. உருவாக்கியவர்களின் கவனிப்பு அத்துடன் நின்றுபோக, வெளியீட்டாளரின் இசைவோடு ரசிகர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து கம்யூனிட்டி பேட்ச் என்ற பெயரில் திருத்தங்களை வெளியிடத் தொடங்கினார்கள். ஊதியம் இல்லாத அந்த வேலை 2012 வரை நீண்டது. அதன் கடைசிப் பெரிய பதிப்பின் எண் 1.75. இன்று விளையாடுபவர் அனைவரும் உண்மையில் நன்றி சொல்ல வேண்டியது அந்தக் குழுவுக்குத்தான்.

வாங்குதல், நிறுவுதல், சரிபார்த்தல்

இது விண்டோஸ் கணினிக்காக எழுதப்பட்ட விளையாட்டு. ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இரு இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. தள்ளுபடிக் காலத்தில் விலை மிகவும் இறங்கும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் அதிலிருந்து நிறுவினால், அதே மூச்சில் பேட்சையும் நிறுவிவிட வேண்டும். பேட்ச் இல்லாத முதல் பதிப்பை வரலாற்று ஆர்வத்துக்காகக்கூட விளையாடிப் பார்க்குமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பதிப்பு எண் 1.75 என்று இருக்கிறதா எனப் பார்ப்பது. அதைவிடக் குறைவான எண் தெரிந்தால், கம்யூனிட்டி பேட்ச் 1.75ஐத் தரவிறக்கி நிறுவிய பிறகே அடுத்த வேலை. ஆட்டத்தைப் பாதி தூரம் விளையாடிவிட்டுப் பிறகு பேட்ச் போடுவது நல்ல பழக்கம் அல்ல. பழைய சேவ் கோப்புகளோடு புதிய திருத்தங்கள் ஒத்துப்போகாமல் சில பணிகள் முடிக்க முடியாதபடி நின்றுவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது கணினி அமைப்பு. 2006இல் வீட்டுக் கணினிகளில் 1 ஜிபி ரேம் இருந்தாலே பெரிது. அந்த இடத்துக்குள் ஒரு முழு நாட்டை ஓட ஓட ஏற்றி இறக்க முயன்றதுதான் அன்றைய தடுமாற்றத்துக்குப் பெரும் காரணம். இன்றைய கணினியில் ரேம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் வட்டு எது என்பது முக்கியம்: பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் வைக்காமல் எஸ்எஸ்டியில் நிறுவினால், நடக்கும்போது வரும் இடறலில் பெரும் பகுதி மறைந்துவிடும். திரையின் வேகம் 144 ஹெர்ட்ஸாக இருந்தாலும், வினாடிக்கு 60 ஃபிரேம் என்ற வரம்பை வைத்துக்கொள்வது நல்லது. இவற்றுக்குப் பிறகும் ஏதேனும் ஒரு மலைச்சரிவில் படம் ஒரு கணம் நிற்கத்தான் செய்யும். அந்த என்ஜினின் இயல்பு அது. அதற்காக இணையத்தில் கிடைக்கும் ஐ.என்.ஐ. என்ற அமைப்புக் கோப்புத் திருத்தங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்து, எது எதைக் கெடுத்தது என்றே தெரியாத நிலைக்குப் போக வேண்டாம்.

மோட்கள் பற்றி ஒரு சொல்: புதிய பணிகளையும் ஆயுதங்களையும் சேர்க்கும், ரசிகர்கள் செய்த பெரிய மோட்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் அவை வேண்டாம். எது மூல விளையாட்டின் குறை, எது மோட் கொண்டுவந்த குறை என்று புதியவரால் பிரித்தறிய இயலாது.

புதிய ஆட்டத்துக்கு முன் ஒரு முடிவு

கம்யூனிட்டி பேட்ச் நிறுவிய பின் அமைப்புப் பட்டியலில் இரண்டு புதிய தேர்வுகள் தெரியும். ஒன்று, மாற்றுச் சமநிலை. மற்றொன்று, எதிரிகளின் மாற்றுச் செயற்கை அறிவு. இவற்றை ஆன் செய்யலாமா என்று எல்லாப் புதியவரும் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன், முதல் பதிப்பில் சண்டை எப்படி இருந்தது என்பதை விளக்கியாக வேண்டும்.

அன்று இந்த விளையாட்டின் மிக அஞ்சத்தக்க எதிரி டிராகனோ, நாட்டைப் பிடித்திருக்கும் ஓர்க் என்ற அரக்க இனத்தின் தளபதியோ அல்ல, ஒரு காட்டுப்பன்றி. அது ஓடி வந்து முட்டும். முட்டியவுடன் நாயகன் வாளை ஓங்கிய கை பாதியில் நின்றுவிடும். அவன் நிமிர்ந்து மீண்டும் ஓங்குவதற்குள் அடுத்த முட்டு விழும். மூன்றாவது, நான்காவது என்று அப்படியே தொடர்ந்து, ஒரு முறைகூடத் திருப்பி அடிக்காமல் நாயகன் செத்து விழுவான். முந்தைய பாகங்களில் உலகைக் காப்பாற்றியவன் அவன்! அடி வாங்கியவரின் செயல் அறுந்துபோகும் என்ற விதியையும், விலங்குகளின் மிகை வேகத்தையும் சேர்த்து எவரும் போதிய அளவு சோதித்துப் பார்க்காததால் வந்த வினை இது. இதே விதி எதிர்ப்பக்கமும் வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை: மவுஸ் பொத்தானை விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தால், உங்களைவிடப் பல மடங்கு வலிமை கொண்ட ஓர்க் வீரனும் கையைத் தூக்க முடியாமல் விழுவான். பலர் அப்படியே ஒரு நகரத்தின் காவற்படை முழுவதையும் தொடக்கத்திலேயே ஒழித்துக்கட்டினார்கள். பன்றியிடம் சாவதும் படையை வெல்வதும் ஒரே நாளில் நடக்கும் உலகில், வலிமை கூடுவது என்பதற்கே பொருள் இல்லாமல் போயிற்று.

கம்யூனிட்டி பேட்ச் இந்த இரண்டு முனைகளையும் தட்டிச் சரி செய்தது. அதற்கு மேலும் அந்த இரண்டு தேர்வுகளை வைத்தது: மாற்றுச் சமநிலை நாயகனின் வளர்ச்சியைக் கடினமாக்கி வெகுமதியை அளந்து கொடுக்கிறது, மாற்றுச் செயற்கை அறிவு எதிரிகளைக் கூடுதல் சாமர்த்தியத்தோடு சண்டையிட வைக்கிறது. முதல் முறை விளையாடுபவர் செயற்கை அறிவுத் தேர்வை மட்டும் ஆன் செய்து, சமநிலையைப் பழையபடியே விட்டு, கடின நிலையை நடுத்தரத்தில் வைப்பதே என் பரிந்துரை. முந்தைய ‘கோதிக்’ பாகங்களின் கடுமையை விரும்பி வந்தவர்கள் இரண்டையும் ஆன் செய்துகொள்ளலாம். எதுவானாலும் புதிய ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டு, நடுவில் மாற்றாமல் இருங்கள்.

ஆர்டியா: முதல் ஒரு மணி நேரம்

அறிமுகக் காட்சி முடிந்ததும் மிர்டானாவின் கடற்கரைக் கிராமமான ஆர்டியாவில் நிற்பீர்கள். கோர்ன், மில்டன், டீகோ, லெஸ்டர் என்ற பழைய நண்பர்கள் உடன் இருப்பார்கள். கிராமத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஓர்க்குகளோடு உடனே சண்டை தொடங்கிவிடும். எந்த விளக்கமும் இல்லாமல் நடுப்போரில் தள்ளிவிடும் இந்தத் தொடக்கத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, நாயகன்தானே நாம் என்று முன்னால் பாய்வது. நண்பர்களை முன்னே விடுங்கள். அவர்களோடு ஏற்கெனவே மோதிக்கொண்டிருக்கும் ஓர்க்கைப் பக்கவாட்டிலிருந்து தாக்குங்கள். உயிர் குறைந்தால் வெட்கப்படாமல் பின்வாங்குங்கள்.

சண்டை முடிந்தவுடன் விழுந்து கிடப்பவர்களிடமிருந்து ஆயுதங்களைச் சேகரியுங்கள். ஓர்க் ஆயுதங்களைத் தூக்கும் வலிமை உங்களுக்கு இப்போது இருக்காது என்றாலும், விற்றால் பணம் கிடைக்கும். ஆனால் கிராமத்தார் வீட்டுக்குள் புகுந்து அவர்கள் கண் முன்னால் பெட்டியைத் திறந்தால், சற்று முன் நீங்கள் காப்பாற்றிய அதே மனிதர் உங்கள் மேல் வாளை உருவுவார். இந்த உலகில் யாராவது பார்த்தால்தான் அது திருட்டு. இரவில் எல்லாரும் தூங்கியபின் மெதுவாக நடந்து போவதற்கு அதனால்தான் ஒரு திறனே வைத்திருக்கிறார்கள்.

கிராமத்தில் ஹாம்லர் என்பவரோடு பேசினால், அருகில் ரெடாக் என்ற கிளர்ச்சியாளர் முகாம் இருப்பது தெரியவரும். அங்கே போவதற்கு முன் ஆர்டியாவிலுள்ள சிறு பணிகளை எல்லாம் முடித்து ஓரிரு லெவல் ஏறுங்கள். வெளியே முதலில் எதிர்ப்படும் விலங்குகளை அம்பால் தாக்கப் பழகுவது நல்லது; தொடக்க நாள்களில் வில் உங்களை வாளைவிட நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்கும். ஓடுவதற்கும் ஆயுதம் வீசுவதற்கும் தாக்குப்பிடிக்கும் சக்தி செலவாகும் என்பதால், மூச்சிரைக்க ஓடிவந்து அந்த நிலையிலேயே சண்டையில் இறங்காதீர்கள்.

சேவ் செய்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே இடத்தில் மேலெழுதிக்கொண்டே இருக்காமல், ஒவ்வோர் ஊருக்குள் நுழையும் முன்பும் தனித்தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளை எங்கே செலவிடுவது

ஒவ்வொரு லெவலுக்கும் 10 கற்றல் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை ஆசிரியர்களிடமோ கோயில் பீடங்களிலோ கொடுத்துத் திறன் பெற வேண்டும். வாள், வில், மந்திரம் மூன்றையும் ஒருசேர வளர்ப்பது தொடக்கத்தில் தற்கொலைக்குச் சமம். ஒரு சண்டைத் திறனைத் தேர்ந்துகொண்டு, அதோடு பூட்டுத் திறக்கும் திறனை மட்டும் சேர்த்துக் கற்றால் போதும். பூட்டிய பெட்டிகளில்தான் நல்ல பொருள்கள் இருக்கின்றன. பணத்துக்கும் அதுவே வழி. மந்திரத்தின் பக்கம் சாய நினைப்பவர்கள் ஊர்களிலும் இடிபாடுகளிலும் உள்ள நூல் மேடைகளையும் கற்பலகைகளையும் ஒன்றையும் விடாமல் படித்து வர வேண்டும், ஏனெனில் பண்டைய அறிவு என்ற பண்பு புள்ளி செலவில்லாமல் அவற்றால் உயரும்.

நகரங்கள்: அவசரப்பட்டால் இழப்பு உங்களுக்கே

இனி வருவது விளையாட்டின் உயிர்நாடி. மிர்டானாவின் ஊர்களில் பெரும்பாலானவை ஓர்க்குகளின் கையில் இருக்கின்றன. மன்னன் இரண்டாம் ரோபார் தலைநகரான வெங்கார்டில் ஒரு மந்திரத் தடுப்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். ரெடாக், ஒகாரா, நெமோரா ஆகிய முகாம்களில் கிளர்ச்சியாளர்கள் பதுங்கியிருக்கிறார்கள். நீங்கள் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்து நகரங்களை விடுவிக்கலாம்; ஓர்க்குகளிடம் கூலிப்படை வீரனாகச் சேர்ந்து முகாம்களை அழிக்கலாம்; நெடுநாள் இரண்டு பக்கமும் பணி செய்துகொண்டே எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கலாம்.

கேப் டன் என்ற துறைமுக ஊரை எடுத்துக்கொள்வோம். ரெடாக்கில் பணிகளை முடித்தவுடன் அதை விடுவிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் அமைதியாகப் போய், அங்குள்ள ஓர்க்குகளுக்கும் கூலிப்படையினருக்கும் அடிமைகளுக்கும் என்ன வேலை வேண்டுமோ அதைச் செய்து கொடுங்கள். அதனால் ஊரில் உங்கள் பெயர் உயரும். பெயர் உயர்ந்தால் ஊர்த் தலைவன் உங்களோடு பேசுவான். ஓர்க்குகளிடம் மொத்தத்தில் மதிப்பு கூடினால் நல்ல கவசம் வாங்கும் உரிமை கிடைக்கும். ஆசிரியர்களிடம் கற்க வேண்டியதைக் கற்று, வணிகர்களிடம் வாங்க வேண்டியதை வாங்கி, அந்த ஊருக்கு நொடியில் திரும்ப உதவும் டெலிபோர்ட் கல்லையும் தேடி எடுத்த பிறகே புரட்சியைத் தொடங்க வேண்டும். வாளை உருவிய நொடியில் அவர்களில் பலர் உங்கள் எதிரிகள். அவர்கள் சாகும்போது, அவர்கள் கொடுக்க இருந்த பணிகளும் கற்றுத்தர இருந்த திறன்களும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றிரண்டு ஊர்களை விடுவிப்பதை மற்ற ஊர் ஓர்க்குகள் பொருட்படுத்த மாட்டார்கள். ஒரு அளவைத் தாண்டினால் நாட்டிலுள்ள ஓர்க்குகள் அனைவருமே உங்களைக் கண்டதும் தாக்குவார்கள். ஆகவே மொன்டெரா, கெல்டர்ன், சில்டன், ட்ரெலிஸ், ஃபாரிங் என்று மிர்டானா முழுவதையும் ஒரு முறை அமைதியாகச் சுற்றி முடித்துவிட்டு, அதன் பிறகு எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பது உத்தமம். வரான்டிலும் இதே கணக்குதான், அங்கே நகரங்களை ஆளும் ஹஷிஷின்களுக்கும் நாடோடிகளுக்கும் இடையில். நார்ட்மாரின் குளிரில் இருப்பவை வலிமையான மிருகங்கள். நல்ல கவசம் இல்லாமல் வடக்கே ஏற வேண்டாம்.

பேட்ச் தொடாத இடம்

மிர்டானாவைச் சுற்றி முடிக்கும் நேரத்தில் ஒரு சலிப்பு தட்டும். கதைப்படி நீங்கள் மந்திரவாதி சர்தாஸைத் தேடி வந்திருக்கிறீர்கள். அவர் நார்ட்மாரில் ஒரு கோபுரத்தில் இருக்கிறார். ஆனால் அதை யாரும் உங்களுக்கு அவசரப்படுத்துவதில்லை. முதல் நாளின் நண்பர்கள் ஆளுக்கொரு மூலையில் பிரிந்துபோகிறார்கள். கோர்னை கோத்தாவிலும் டீகோவை பிராகாவிலும் மறுபடி சந்திக்கும்போது, முந்தைய பாகங்களில் இருந்த நட்பின் சூடு அந்தப் பேச்சில் இல்லை. ஊர்களில் ஒரே மாதிரிப் பணிகள், பெயர் மட்டும் மாறிய தலைவர்கள். எந்த ஊரையும் எந்த வரிசையிலும் போய்ப் பார்க்கலாம் என்றால், ஓர் ஊரில் நடந்தது இன்னோர் ஊரின் பேச்சை மாற்றும்படி எழுதுவது மிகக் கடினம். ஒரு சிறு குழுவால் அவ்வளவையும் எழுத முடியவில்லை. அத்தியாயங்களைக் கைவிட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

ஆகவே இதைக் கதைக்காக விளையாடாதீர்கள், நாடு பார்க்கப் போவதுபோல் விளையாடுங்கள். டெலிபோர்ட் கல் கையில் இருந்தாலும் முதல் முறை எல்லா வழிகளையும் நடந்தே கடந்து செல்லுங்கள். வரைபடத்தில் அம்புக்குறி வைத்து இழுத்துச் செல்லும் வேலை இங்கே இல்லை. ஆறு எங்கே வளைகிறது, இடிந்த கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். பச்சைக் காடு மெல்லப் பாறையாகி, பாறை மணலாகி, திரும்பிப் பார்த்தால் வந்த வழி முழுக்கத் தெரியும் அந்த எல்லைப் பகுதிகளில், உருவாக்கியவர்கள் எதற்காக இத்தனை ஆபத்தை ஏற்றார்கள் என்பது புரிந்துவிடும். கை ரோசன்கிரான்ஸ் அமைத்த இசை, ஜெர்மனியின் போஹும் நகரச் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. ஒலிப்பட்டியலில் இசையைக் குறைத்துவிடாதீர்கள்.

சலிப்பு மிகுந்தால், மீதமுள்ள ஊர்களை விட்டுவிட்டு சர்தாஸைப் பார்க்கக் கிளம்பிவிடலாம். இன்னோஸ், பெலியார், அடனோஸ் என்ற மூன்று தெய்வங்களில் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று முடிவுகள் உண்டு. எல்லா ஊர்களையும் விடுவித்தால்தான் முடிவு என்ற கட்டாயம் கிடையாது.

முடித்த பிறகு எதை விளையாடுவது

கடையில் இதன் பக்கத்திலேயே ‘ஃபோர்சேக்கன் காட்ஸ்’ என்ற தொடர்ச்சி இருக்கும். அது 2008இல் வெளியானது. பிரானா பைட்ஸ் விலகிவிட்டதால், மும்பையைச் சேர்ந்த டிரைன் கேம்ஸ் நிறுவனத்திடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. பிறர் எழுதிய சிக்கலான என்ஜினைக் கையில் வாங்கி விளையாட்டை முடித்துக் கொடுப்பது யாருக்கும் எளிதல்ல. விளைவு மூல விளையாட்டைவிட மோசமான பழுதுகளோடு வந்தது. இதற்கும் பின்னால் திருத்தங்கள் வந்தன, ஆனாலும் முழுமைக்காக ஆசைப்படுபவர் தவிர மற்றவர்கள் இதைத் தவிர்க்கலாம். 2010இல் ஸ்பெல்பவுண்ட் நிறுவனம் செய்த அடுத்த பாகமான ‘ஆர்கேனியா’வில் பழுது குறைவு, சுதந்திரமும் குறைவு. அடுத்த ஆண்டே ஜோவூட் நொடித்துப்போக, அதன் சொத்துகள் நார்டிக் கேம்ஸின் கைக்குப் போயின.

பிரானா பைட்ஸ் 2024இல் மூடப்பட்டது. அதற்கு முன் அவர்கள் செய்தவற்றில் ‘கோதிக் 3’ஐ முடித்தவர் அடுத்து எடுக்க வேண்டியது 2009இல் வந்த ‘ரைசன்’. ஃபராங்கா என்ற ஒரே ஒரு தீவு. உலகம் மறுபடி சிறியதாகி, கதை மறுபடி அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கும். முதல் அத்தியாயத்தில் துறைமுக நகரமா, சதுப்பு நிலத்துக் கொள்ளையர் முகாமா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வரும். முகாமை முதலில் போய்ப் பாருங்கள், நகரத்துக்குள் நுழைந்துவிட்டால் நினைத்தபடி வெளியே வர முடியாது.